ஆறாத பெட்டியும் ஏழு பேர் ஆணையமும்

அரசாங்கம் கொடுத்த விண்ணப்பத்தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘உங்கள் வீட்டுக்குச் சூட்டுப் பெட்டி வேண்டுமா, பேட்டரி வேண்டுமா? காரணம் என்ன?’ பதில் எழுத இரண்டு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். மலை மேல் இருக்கும் எங்கள் ஊர் அத்-பாஷியில் எங்கள் தெருவே அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆடு மேய்க்கும் ஜுமதில் ‘சூட்டுப் பெட்டி. குளிருது’ என்று எழுதி, மிச்சம் இருந்த இடத்திலேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். மூன்றாவது வாரம் அவன் வீட்டு வாசலில் பெட்டி வந்து இறங்கியது.

அவனுக்கு அடுத்த வீடு எசென்குல் வாத்தியாருடையது. இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவர். இரண்டு வரியில் அவருக்குத் தும்மல்கூட வராது. அவர் பதினோரு பக்கம் எழுதி, நாலு வரைபடம் போட்டு, ஓரத்தை ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார்.

எழுதியதைக் குறை சொல்ல முடியாது. சூட்டுப் பெட்டி என்பது செங்கல் அடுக்கி உள்ளே கம்பி ஓட்டிய இரும்புப் பெட்டி. மின்சாரம் இருக்கிற நேரத்தில் கல் பழுக்கக் காயும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் மின்சாரத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வீட்டுக்குள் விடும். ஆனால் தலைகீழாக நின்றாலும் அதில் ஒரு விளக்கு எரியாது. பேட்டரி மின்சாரத்தை மின்சாரமாகவே வைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், தொலைக்காட்சி ஓடும், கைபேசி உயிரோடு இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு அறையைச் சூடாக்கப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் கையை விரித்துவிடும். இதையெல்லாம் வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார். ‘இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்பு உண்டு, ஆழமான ஒப்பீடு தேவைப்படும் பொருள் இது’ என்று அழகாக முடித்தார். எழுதுகிற மும்முரத்தில், தன் வீட்டுக்கு வேண்டியது சூட்டுப் பெட்டி என்று சொல்ல மட்டும் மறந்துபோனார்.

வேண்டியதுகூட அவருக்கு இல்லை, அவர் மனைவி ஜூரகானுக்கு. மூன்று வருஷமாக அவளுக்கு நிலக்கரிப் புகை ஆகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் இருமல், சாம்பலை அள்ளினால் இருமல். நாரின் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் அவளுடைய நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இன்னும் ஒரு குளிர்காலம் இந்தப் புகையைக் குடிச்சீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த இன்னும் ஒரு குளிர்காலம் இப்போது வாசலுக்கு வந்துவிட்டது.

பெட்டிக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. இணைப்போடு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் ‘வீட்டுச் சேமிப்புச் சாதனங்கள் ஒப்பீட்டு ஆணைய’த்துக்குப் போகுமாம். நாடு முழுவதிலும் இணைப்போடு வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதானாம். ஆகவே எசென்குல் அவர்களின் இல்லம் ஒப்பீட்டு இல்லமாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்று வட்ட முத்திரையோடு போட்டிருந்தது.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

“அதெல்லாம் சரி வாத்தியாரே, பெட்டி எப்ப வரும்?” என்று கேட்டாள் ஜூரகான்.

“ஒப்பீடு முடிஞ்சதும் வரும்.”

“ஒப்பீடு எப்ப முடியும்?”

“ஆரம்பிச்சாத்தானே முடியும்? அவசரப்பட்டா ஆவுமா? இது விஞ்ஞானம்.”

“ஜுமதில் வீடு என்ன அரண்மனையா? அவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

“அவன் வெறும் குளிருதுன்னு எழுதினான். அதுல ஆராய்ச்சி இருக்கா?”

கடிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒப்பீடு முடியும் வரை இல்லத்தின் தற்போதைய நிலையை, அதாவது நிலக்கரி அடுப்பை, ‘அடிப்படை நிலை’ என்று கருதி அப்படியே வைத்திருக்க வேண்டும். வாத்தியார் அதைச் சட்டத்துக்குள் மறைகிற மாதிரி மாட்டிவிட்டார். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுவார்.

நவம்பரில் இரண்டு சாதனமும் வந்தன. நானூறு கிலோ சூட்டுப் பெட்டியை ஆறு பேர் தூக்கி முன்னறையில் வைத்தார்கள். பலகைத் தரை முனகியது. பேட்டரியைப் பின்னறைச் சுவரில் மாட்டினார்கள். ஆணையத்தின் வெப்பமானிப் பொறுப்பாளர் தெமிர்லான், முப்பது வயசு, இரண்டு பிள்ளைக்காரன், சாதனம் ஒவ்வொன்றின் சுவிட்சையும் நூலால் கட்டி, முடிச்சில் அரக்கு ஊற்றி முத்திரை குத்தினான்.

“ஏம்ப்பா தம்பி, இதை எப்பப் போடலாம்?” என்று ஜூரகான் கேட்டாள்.

“போடவே கூடாது அக்கா. ஆணையம் வந்து பாக்கற வரைக்கும் இது சாதனம் இல்ல, ஆதாரம்.”

“அது வரைக்கும் நான் எதுல குளிர் காயறது?”

தெமிர்லான் நிலக்கரி அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அரக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஏறிப் போனான்.

அன்றிலிருந்து ஜூரகான் பெட்டியின் மேல் கழுவிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாள். இரும்பு பனிக்கட்டியாக இருந்தது. கிண்ணங்கள் காயக்கூட இல்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரி இருக்க, பக்கத்து வீட்டில் ஜுமதில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருந்தான். வாத்தியார் தலை தெரிந்தால் போதும், “என்ன வாத்தியாரே, எங்களுக்கு இங்க வேர்த்து ஊத்துது. உங்க ஆராய்ச்சி எப்படிப் போவுது?” என்று சத்தம் கொடுப்பான். ஜூரகான் நாலு சாயங்காலம் அவன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் போகவில்லை. “அவன் பொண்டாட்டி எனக்குத் தேநீர் ஊத்தி ஊத்தியே தேஞ்சுபோயிட்டா. தினமும் விருந்தாளியாப் போறவ மனுஷியா?” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பில் நிலக்கரியைப் போட்டாள், இருமினாள். வாத்தியார் பின்னறைக்குப் போய் விடைத்தாள் திருத்தினார்.

டிசம்பரில் அவர் ஆணையத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் இணைப்பு வைத்தார். அந்த மனுஷனைத் திருத்த முடியாது.

ஜனவரி நடுவில்தான் தகவல் வந்தது. வியாழக்கிழமை ஆணையம் முழுசாக, ஏழு பேராக வருகிறது. தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் மூவர், செயலாளர் அம்மாள், முத்திரைக் காப்பாளர், தெமிர்லான்.

புதன்கிழமை வாத்தியார் மனைவியை உட்காரவைத்துப் பேசினார். “இங்க பாரு, நாளைக்கு அடுப்பே பத்த வைக்கக் கூடாது. வீடு சில்லுன்னு கிடக்கணும். அவங்க உள்ள வந்து பல்லு தந்தியடிச்சாத்தான் நமக்குப் பெட்டி வேணும்னு புரியும். நான் சொல்றது விளங்குதா?”

ஜூரகான் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பிஷ்கெக்குல இருந்து மலை ஏறி வர்ற ஏழு பேர குளிருல உக்கார வச்சு, ஆறின தேநீர் குடுத்து அனுப்பணுமா? எசென்குல் வீட்டுல விருந்தாளி கோட்டைக் கழட்டவே இல்லைன்னு நாளைக்கு ஊரு பேசும். என் நெஞ்சு போனாப் போவுது, அந்தப் பேரோட நான் உயிரோட இருக்க மாட்டேன்.”

இதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. நாங்கள் அப்படிப்பட்ட ஜனங்கள். வீட்டில் உலை வைக்க வழியில்லை என்று மனு கொடுக்கப் போகிறவனும், மனுவை வாங்க வரும் அதிகாரிக்கு ஆடு அறுத்துத்தான் கொடுப்பான்.

ஆடு என்றதும் அடுத்த தலைவலி. எங்கள் பக்கம் ஆட்டை அறுத்தால் ஆளுக்கு ஓர் எலும்பு, அவரவர் தரத்துக்குத் தக்கபடி. தலை தலைவருக்கு. அதற்கு அடுத்த மரியாதை இடுப்பெலும்புக்கு. ஜூரகான் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். “ஆண்டவன் ஒரு ஆட்டுக்கு ரெண்டு இடுப்பெலும்புதான் வச்சான். அரசாங்கம் மூணு துணைத்தலைவர் வச்சிருக்கே!”

ஒருவருக்குத் தொடையெலும்பு கொடுத்தால் என்ன என்று வாத்தியார் கேட்டார். ஜூரகான் எழுந்து போய் ஆட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்தாள். ஓர் இடுப்பெலும்புக்காக இரண்டாவது ஆட்டையும் அறுத்தார்கள்.

இரண்டு ஆட்டுக்கு இரண்டு கொப்பரை. விடியற்காலையிலிருந்து அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. ஜூரகான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் மாவு தேய்த்தாள். அடுப்பு கொஞ்சம் தணிந்தபோது, “இன்னும் ரெண்டு வாளி போடு, முன்னறைக்குச் சூடு போதல” என்று சொன்னது யார் என்கிறீர்கள்? சாட்சாத் எசென்குல் வாத்தியார்தான். சொன்னதோடு நிற்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கையாலேயே கொட்டினார்.

ஆணையம் பதினொரு மணிக்கு வந்தது. தலைவர் ஷர்ஷெனாலி கனத்த மனிதர், கனத்த மேல்கோட்டு. வாசலுக்கு எதிர்ப்புறம், மரியாதையான இடத்தில் கம்பளி மெத்தை மேல் உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றினார். தேநீர் வந்ததும் மேல்சட்டையைக் கழற்றினார். எண்ணெயில் பொரித்த போர்சோக் அப்பமும் வெண்ணெயும் வந்தபோது கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“அருமையான வீடு” என்றார். “பாருங்க வாத்தியாரே, சில பேர் நம்மள தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. ஆணையம் வந்தா வீடு சூடாயிடும்னு நினைக்கறாங்க. நாங்க யாரையும் சூடாக்க வரல. சூடாக்கறது அடுப்போட வேலை. ஒப்பிடறது எங்க வேலை. நாலு வருஷமா ஒப்பிடறோம். இதுவரைக்கும் எங்க முடிவு ஒண்ணுகூடத் தப்புன்னு யாரும் சொன்னதில்ல.”

“இதுவரைக்கும் எத்தனை முடிவு வந்திருக்கு, ஐயா?”

“வந்தாத்தானே தப்புன்னு சொல்லுவாங்க” என்றார் தலைவர். துணைத்தலைவர்கள் மூவரும் தலையாட்டினார்கள்.

செயலாளர் அம்மாள் நாற்பது கேள்வி கொண்ட படிவத்தை விரித்தாள். கேள்வியை அவள் வாசிப்பாள், தலைவர் சாதனத்தை உற்றுப் பார்ப்பார், துணைத்தலைவர்கள் ஆளுக்கொரு மதிப்பெண் சொல்வார்கள். ‘சாதனத்தால் கைபேசியை உயிர்ப்பிக்க இயலுமா?’ சூட்டுப் பெட்டிக்குப் பூஜ்யம். ‘சாதனத்தின் மேல் ஈரக் காலுறை உலர்த்த இயலுமா?’ பேட்டரிக்குப் பூஜ்யம். ‘சாதனம் தேசிய மரபுக்கு ஒத்ததா?’ இதற்கு இருபது நிமிஷம் விவாதம் நடந்தது. செங்கல் மரபு என்றார் ஒருவர். நாடோடிகளான நம் முன்னோர் செங்கல்லைக் கண்டார்களா என்றார் இன்னொருவர். பேட்டரியை மட்டும் கண்டார்களாக்கும் என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இரண்டுக்கும் பாதிப் பாதி போட்டார்கள்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம். முத்திரையை எடுத்துட்டு, ரெண்டையும் ஒரு நாள் ஓடவிட்டுப் பாத்தா என்ன? உடனே தெரிஞ்சுபோயிடுமே.”

தலைவர் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க படிச்சவரு. ரெண்டையும் ஓடவிட்டா ஒண்ணு ஜெயிச்சிடும். அப்புறம் நம்ம நடுநிலைமை என்ன ஆவுறது?”

இதுதான் சமயம் என்று வாத்தியார் மனதைத் திடப்படுத்திக்கொண்டார். “அதில்ல ஐயா… என் வீட்டம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. இந்த நிலக்கரிப் புகை ஆவல. டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.”

செயலாளர் அம்மாள் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். “நெஞ்சுக்குக் கட்டம் இல்லையே.”

“‘இதர விவரம்’னு ஒண்ணு இருக்குமே, அதுல போடுங்க” என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

“அதுல ஏற்கெனவே வானிலை எழுதிட்டேன் ஐயா.”

அப்போது அடுப்படியில் ஜூரகானுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நீண்ட இருமல். ஏழு பேரும் கரண்டியைக் கையில் பிடித்தபடி மரியாதையாகக் காத்திருந்தார்கள். இருமல் நின்றதும் துணைத்தலைவர் ஒருவர், “இறைச்சி வெந்திடுச்சு போலிருக்கே” என்றார். வாத்தியார் வாயைத் திறந்தார். அப்புறம் எழுந்து போய், கை கழுவ வெந்நீர்ச் செம்பை எடுத்து வந்து ஒவ்வொருவராக ஊற்றினார்.

எலும்பெல்லாம் குறைவில்லாமல் போய்ச் சேர்ந்தது. சாப்பாடு முடிந்து தெமிர்லான் வெப்பமானியை எடுத்தான். சூட்டுப் பெட்டி இருந்த முன்னறையில் இருபத்தேழு டிகிரி. பேட்டரி இருந்த பின்னறையில் இருபத்தேழு டிகிரி. வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பத்தொன்று. துணைத்தலைவர்கள் எட்டிப் பார்த்து, ஒருவரோடொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். தலைவர் உள்ளங்கைகளை ஏந்தி வீட்டுக்கு ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டார். ஆணையம் மலையிறங்கிப் போனது.

முடிவு மாதக் கடைசியில் வந்தது. ஆணையத்தின் முதல் முடிவு என்பதால் தடித்த தாளில் அச்சடித்திருந்தார்கள். வாத்தியார் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தார். ‘இரண்டு சாதனங்களும் எல்லா வகையிலும் சரிசமம் என்று ஐயமற நிறுவப்பட்டது. மேலும், மேற்படி இல்லம் சாதனங்கள் எதுவும் இயங்காமலே இருபத்தேழு டிகிரியில் இருப்பதால், அடிப்படை நிலையே போதுமானது. சாதனங்கள் வரும் திங்கட்கிழமை திரும்பப் பெறப்படும்.’

“அடிப்படை நிலைன்னா என்ன?” என்று கேட்டாள் ஜூரகான்.

“நிலக்கரி அடுப்பு.”

திட்டியிருந்தால் வாத்தியாருக்குச் சமாதானமாக இருந்திருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. நிலக்கரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். உதடு நீலமாகியது.

எசென்குல் தன் வாழ்நாளில் விடைத்தாள் ஓரத்துப் பச்சைக் கோட்டைத் தாண்டி மையைக்கூட இழுக்காத மனிதர். அவர் போய் ஜூரகானின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். முத்திரை நூலை வெட்டினார். மெல்லிய நூல். ‘டிக்’ என்று அறுந்தது. அரக்குத் துண்டு தரையில் விழுந்து உருண்டது. அவ்வளவுதானா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. நவம்பரிலிருந்து அந்த நூல் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நவம்பரிலிருந்து இவளும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருமிக்கொண்டிருந்தாள். ‘நீ ஒரு மனுஷனாடா எசென்குல்’ என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

அடுத்த நாள் அடுப்பை அணைத்தார்கள்.

திங்கட்கிழமை தெமிர்லான் வண்டியோடு வந்தான். பேட்டரியைச் சுவரிலிருந்து கழற்றி ஒரே ஆளாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். சூட்டுப் பெட்டியில் கை வைத்தவன், “ஆத்தாடி!” என்று கையை உதறினான். வெப்பமானியை வைத்துப் பார்த்தான். வெளித்தகடே ஐம்பத்தெட்டு டிகிரி.

“அக்கா, நாப்பதுக்கு மேல சூடா இருந்தா வண்டியில ஏத்தக் கூடாது. சட்டம்.”

“சட்டம்னா சட்டம்தான்” என்றாள் ஜூரகான். “ஏத்தாத.”

“முத்திரை எங்க?”

அவள் தையல் பெட்டியைத் திறந்து அரக்குத் துண்டை எடுத்துக் காட்டினாள். “இருக்கு பாரு. பத்திரமா வச்சிருக்கேன். ஒரு கீறல் இல்ல.”

தெமிர்லான் அரக்கைப் பார்த்தான். அறுந்து தொங்கிய நூலைப் பார்த்தான். அணைந்து கிடந்த நிலக்கரி அடுப்பைப் பார்த்தான். பிறகு அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, ‘முத்திரை உள்ளது. சேதமில்லை. சாதனம் ஐம்பத்தெட்டு டிகிரி. எடுத்துச் செல்ல இயலவில்லை’ என்று எழுதினான். எழுதியதில் ஒரு பொய் கிடையாது. பனியில் இறங்கி நடந்ததில் அவன் காலுறை நனைந்திருந்தது. கழற்றிப் பெட்டியின் மேல் விரித்துவிட்டுத் தேநீர் குடித்தான்.

“ஆறவிடுங்க. அடுத்த திங்கள் வரேன்” என்று சொல்லிப் போனான்.

அடுத்த திங்களும் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்த திங்களும் அதே. ஒவ்வொரு வாரமும் தெமிர்லான் மலையேறி வந்து, சூடு பார்த்து, எழுதி, காலுறை உலர்த்தி, தேநீர் குடித்துவிட்டுப் போனான். ஒன்பது அறிக்கை ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மின்மீட்டர் ஓடியதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். மீட்டர் வேறு துறை.

ஏப்ரல் தொடக்கத்தில், எங்கள் ஊரில் இன்னும் பனி கரையாத நாளில், ஆணையம் ஏழு பேரோடும் மறுபடி வந்தது. இந்த முறை வீட்டுக்கு இல்லை, பள்ளிக்கூட மண்டபத்துக்கு. மேடையில் வாழ்த்து எழுதிய ஒரு துணி கட்டியிருந்தது. ஊர் மொத்தமும் கூடியது. தெருவில் வீட்டுக்கு வீடு சூட்டுப் பெட்டி வைத்திருக்கிற ஜனங்கள். செருகியைச் செருகினால் சூடாகும் என்று அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். என்ன கூத்து நடக்கப்போகிறதோ என்று ஜுமதில் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தான்.

தலைவர் ஷர்ஷெனாலி எழுந்தார். குரல் தழுதழுத்தது.

“அன்பான அத்-பாஷி மக்களே! இங்கே, எசென்குல் ஆசிரியரின் இல்லத்தில், ஒருமுறைகூட இயக்கப்படாத ஒரு சாதனம், முத்திரை சேதமடையாத ஒரு சாதனம், ஒன்பது வாரமாக ஐம்பத்தெட்டு டிகிரியில் இருக்கிறது. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? மின்சாரத்திலிருந்தா? முத்திரை இருக்கும்போது மின்சாரம் எப்படிப் போகும்? நிலக்கரியிலிருந்தா? அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஆணையம் இரண்டு மாதம் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டது. அது ஒப்பீட்டிலிருந்து வந்த சூடு! ஏழு பேர் உட்கார்ந்து, மனசாட்சியோடு, அக்கறையோடு ஒப்பிட்டால் கல்லுக்கே சூடு பிறக்கும் என்று உலகத்துக்கு நாம் காட்டியிருக்கிறோம். நாலு வருஷமாக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டவர்கள் இப்போது வந்து தொட்டுப் பார்க்கட்டும்!”

துணைத்தலைவர்கள் கை தட்டினார்கள். ஊர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜுமதிலின் தோள் மட்டும் குலுங்கியது.

செயலாளர் அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். “இதுக்கு ஒரு இயற்பியல் நிபுணரோட உறுதி வேணும். ஆசிரியர் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடணும். உறுதி செஞ்சா பெட்டி ‘அபூர்வப் பொருள்’ ஆயிடும். வச்ச இடத்துல இருந்து ஒருத்தரும் அசைக்க முடியாது. இல்லைன்னா அது சாதாரண சாதனம். நாளைக்கே செங்கல் செங்கலாப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

வாத்தியார் மேடை ஏறினார். கீழே இடப்பக்கம் அவருடைய பத்தாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று போன செவ்வாய்க்கிழமைதான் அவர்களைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்துச் சொல்லச் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை தவறினவனை இரண்டு தடவை சொல்லவைத்தார். அவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

இருபத்தாறு வருஷம். தொண்டைக்குள் சரியான பதில் தயாராக நின்றது. அதற்கு ஓர் இணைப்பும் வரைபடமும்கூட அவரால் அங்கேயே போட்டிருக்க முடியும். ‘ஐயா, இது சுத்த அபத்தம், சுவிட்சைப் போட்டது நான்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் எத்தனை நிம்மதி! வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியான விடையை ஆணையத்தின் முகத்தில் எறிந்த நிம்மதி.

அவர் ஜூரகானைத் தேடினார். மூன்றாவது வரிசையில், ஜுமதிலின் மனைவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலையாட்டவில்லை, கெஞ்சவில்லை. ‘உங்க இஷ்டம் வாத்தியாரே’ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆசிரியரே, உறுதி செய்கிறீர்களா?” என்றார் தலைவர்.

“செய்கிறேன்” என்றார் எசென்குல்.

“ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்கவில்லை?”

“கொடுக்கவில்லை.”

“சூடு ஒப்பீட்டிலிருந்துதான் வந்தது?”

காது மடல் எரிந்தது. “வேறெங்கிருந்தும் வர… வழியில்லை, ஐயா.”

பத்தாம் வகுப்பில் யாரோ ‘களுக்’ என்றார்கள். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஜுமதில் வெடித்தான். அப்புறம் மண்டபமே சிரித்தது. தலைவர் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அந்தக் கூச்சலிலும் எசென்குலுக்கு ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. ஜூரகான் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, அடிவயிற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவள் சிரித்த சிரிப்பெல்லாம் இருமலில்தான் போய் முடியும். அது தெரிந்தே அவர் வீட்டில் வேடிக்கை பேசுவதை விட்டிருந்தார். இப்போதும் பேனாவைக் கையில் பிடித்தபடி அந்த இருமலுக்காகக் காத்து நின்றார்.

அவள் சிரித்து முடித்தாள். தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ பேச ஆரம்பித்தாள்.

எசென்குல் குனிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.